எண்ணூர் சாலையில் ஓடும் ஒரு பழஞ்சொல்

ராயபுரம், காசிமேடு பக்கம் மீன்பாடி வண்டி பழுதுபார்க்கும் கடைகளில் இப்படியொரு பேச்சு காதில் விழும்: "சைக்கிள் வீல்ல பெண்டு விழுந்திருக்கு, எடுக்கணும்." அதே தெருவில் படிக்கும் பிள்ளை அந்தப் பொருளையே 'சக்கரம்' என்று ஏட்டில் எழுதும். சைக்கிள் என்ற சொல் கிரேக்கத்தில் பிறந்து லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் எனக் கைமாறி வந்தது. வீல் என்பது வட ஐரோப்பாவின் ஜெர்மானிய மொழிக் கிளையில் வளர்ந்து ஆங்கிலத்தோடு கப்பலேறி வந்தது. சக்கரம் வடமொழியிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழுக்குள் நுழைந்தது. வந்த வழிகள்தாம் மூன்று. பிறந்த இடம் ஒன்றே. ஒரே பெயர்ச்சொல் மூன்று திசைகளில் பிரிந்துபோய், அந்த மொழிக் குடும்பத்தைச் சேராத தமிழில், ஒரு பழுதுக் கடையில் மறுபடி சேர்ந்திருக்கிறது.

அந்த மூலச்சொல்லை எழுதி வைத்தவர் யாருமில்லை. அதைப் பேசிய மக்களிடம் எழுத்தே இல்லை. ஆனாலும் மொழியியலாளர்கள் அதை மீட்டெடுத்திருக்கிறார்கள்: *க்வெக்வ்லோஸ். முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, இது எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைத்த சொல்லன்று, ஒப்பிட்டுக் கணித்த சொல் என்பதற்கான அடையாளம். வடமொழி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம், ரஷ்யம் முதலிய மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியை மூல இந்தோ-ஐரோப்பியம் என்கிறோம். 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் இப்போது இல்லாமல் போயிருக்கக்கூடிய ஒரே ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அதன்பின் நூறாண்டு உழைப்பில் அந்த ஊற்றின் சொற்களை ஒவ்வொன்றாகக் கட்டியெழுப்பினார்கள்.

எப்படிக் கட்டினார்கள் என்பதுதான் இதில் அறிவியல். மூலச்சொல்லில் 'க்வ்' என்ற ஒலி இரண்டு முறை வருகிறது. 'க்' என்று சொல்லும்போதே உதட்டையும் குவித்தால் அந்த ஒலி கிடைக்கும். ஒவ்வொரு மகள் மொழியும் இந்த ஒலியைத் தன் போக்கில் மாற்றியது, ஆனால் மனம்போனபடி மாற்றவில்லை. ஜெர்மானியக் கிளையில் பழைய 'க்' எல்லாம் 'ஹ்' ஆனது. இந்த விதியை யாகோப் கிரிம் 1822-இல் தொகுத்துக் காட்டினார். தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம். விதிப்படி 'க்வ்' 'ஹ்வ்' ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வேஒல்', இன்று வீல். ஆங்கிலத்தில் இச்சொல்லை எழுதும்போது இரண்டாவதாக ஓசையில்லாமல் ஒரு 'எச்' நிற்கிறதே, அது அந்தப் பழைய 'ஹ்' விட்டுப்போன தடம். கிரேக்கத்தில் உதட்டுக் குவிப்பு பக்கத்து உயிரெழுத்துக்குத் தாவி 'குக்லோஸ்' ஆனது, அங்கிருந்து சைக்கிள். பாரசீகத்தில் 'சர்க்'. காந்தியடிகளின் சர்க்கா அதிலிருந்து வந்தது. இன்றைய சீனாவின் சிஞ்சியாங் பாலைவனத்தில் ஏடுகளாகக் கிடைத்து, 1908-இல் அடையாளம் காணப்பட்ட தொகாரியம் என்ற மறைந்த மொழியில் 'கோகலெ' என்றால் வண்டி. லித்துவேனியத்தில் 'காக்லாஸ்' என்றால் கழுத்து: சுழலும் உறுப்பு.

வடமொழிச் சொல்லில்தான் எனக்குப் பெரும் வியப்பு. மூலச்சொல்லின் இரண்டு 'க்வ்'களில் முதலாவது 'ச்' ஆகவும் இரண்டாவது 'க்' ஆகவும் மாறி 'சக்ர' என்று நிற்கிறது. ஒரே ஒலி ஒரே சொல்லுக்குள் ஏன் இரண்டு விதமாக மாற வேண்டும்? முதல் 'க்வ்'வை அடுத்து 'எ' இருந்தது. இரண்டாவதை அடுத்து 'எ' இல்லை. 'எ', 'இ' போன்ற முன்னுயிர்கள் அடுத்து வந்தால் நாக்கு முன்னே நகர்ந்து ககரம் சகரமாகும். பிறகு வடமொழியில் 'எ' எல்லாம் 'அ' ஆகிவிட்டது. காரணமான உயிர் மறைந்து, அதன் விளைவான சகரம் மட்டும் மிஞ்சியது. 1870-களில் ஐரோப்பிய ஆய்வாளர் பலர் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தபோது ஒரு பழைய நம்பிக்கையும் சரிந்தது. அதுவரை வடமொழியின் உயிரெழுத்துகளே மூலமொழியின் உயிர்கள் என்று நினைத்திருந்தார்கள். சகரம் காட்டிய தடயத்தால், 'எ'கரத்தைக் காப்பாற்றி வைத்திருந்த கிரேக்கமும் லத்தீனும் அந்த இடத்தில் மூலத்துக்கு நெருக்கமானவை என்று தெரிந்தது.

இது நமக்கு அந்நியமான விதியும் இல்லை. கன்னடத்தில் கிவி, தமிழில் செவி. கன்னடத்தில் கிறு, தமிழில் சிறு. மூலத் திராவிடத்தின் ககரம், 'இ', 'எ' முன்னால் தமிழில் சகரமானது. அதற்கு ஒரு விலக்கும் உண்டு: அடுத்து நாவை மடித்துச் சொல்லும் ட, ண, ள, ழ வந்தால் மாற்றம் நடக்காது. அதனால்தான் கிளி சிளி ஆகவில்லை, கெடு செடு ஆகவில்லை, கிழங்கு சிழங்கு ஆகவில்லை. வாய் ஒன்றுதான், நாக்கு ஒன்றுதான். தொடர்பில்லாத இரண்டு மொழிக் குடும்பங்களில் ஒரே வகை மாற்றம் தனித்தனியே நடந்திருக்கிறது. விலக்குக்கும் காரணம் சொல்ல முடிகிற விதி என்பதால்தான் இதை அறிவியல் என்கிறேன்.

விதி சரிதானா என்று இன்னொரு சொல்லில் சோதித்துப் பார்க்கலாம். நான்கு என்பதற்கு லத்தீனில் 'குவாட்டுவோர்', வடமொழியில் 'சத்வாரி'. அங்கே 'க்வ்', இங்கே 'ச்'. லத்தீனிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்தது குவார்ட்டர். தண்டையார்பேட்டை துறைமுகத் தொழிலாளர் குவார்ட்டர்ஸ் என்று சொல்லும்போது வரும் குவார்ட்டரும், பள்ளியில் வரையும் சதுரமும் இந்த வகையில் உறவு. இரண்டுக்குள்ளும் நான்கு இருக்கிறது.

ஓசை ஒத்திருந்தால் உறவு என்று எடுத்துக்கொள்ள முடியாததும் இதனால்தான். சென்னைப் பேச்சில் வண்டிச் சக்கரமும் 'சக்கர', டீயில் போடுவதும் 'சக்கர'. காதுக்கு ஒரே சொல். ஆனால் சர்க்கரைக்கு மூலம் வடமொழியில் பொடிக்கல்லையும் குறித்த 'சர்க்கரா'; அதுதான் அரபு வழியாக ஐரோப்பா போய் ஆங்கிலச் சுகர் ஆனது. சக்கரத்தோடு அதற்கு எந்த ஒட்டும் இல்லை. வட்டத்தைக் குறிக்கும் சர்க்கிளும் அப்படியே. பொருளும் கிட்ட, ஓசையும் கிட்ட. ஆயினும் அது 'கிர்கோஸ்' என்ற வேறொரு கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மறுபுறம் காலனி என்ற சொல்லைப் பாருங்கள். வடசென்னையில் எத்தனை காலனிகள்! சக்கரத்தோடு அதற்கு ஓசையிலும் பொருளிலும் ஒப்புமை கிடையாது. ஆனால் *க்வெக்வ்லோஸ் பிறந்தது 'சுற்று, நடமாடு' என்ற பொருளுடைய *க்வெல் என்ற வேரிலிருந்து. அதே வேர் லத்தீனில் நிலத்தைச் சுற்றி உழைத்துக் குடியிருப்பதைக் குறித்து, குடியேற்றமாகி, காலனி ஆனது. வடமொழியில் அதுவே 'சர்' ஆகிச் சஞ்சாரம் தந்தது. ஓசை ஒப்புமையை மட்டும் பிடித்துக்கொண்டு, உலக மொழிகள் அனைத்தும் எம்மொழியிலிருந்தே பிறந்தன என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உங்கள் விதி எது, அது வேறு எந்தச் சொற்களில் தவறாமல் வேலை செய்கிறது?

இந்தச் சொல் கடலுக்கும் போயிருக்கிறது. கல்கத்தாவில் கடல் விபத்துகளை விசாரிக்கும் பொறுப்பில் இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரும்புயல்களில் காற்று சுழல்கிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அவற்றுக்கு ஒரு பெயரும் தேடினார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கி 1848-இல் மாலுமிகளுக்கான கையேட்டில் வெளியிட்டார். அந்தக் கிரேக்கச் சொல் குக்லோஸின் பிள்ளை. 2016-இல் வர்தா, 2023-இல் மிக்ஜாம் என்று ஒவ்வொரு முறை சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும்போதும், உலகச் செய்தியில் அடிபடும் சைக்ளோன் வங்கக் கடலை ஆராய்ந்த ஒருவர் செய்த சொல்.

சக்கரத்தைச் சுற்றியுள்ள மற்ற சொற்களையும் பார்க்க வேண்டும். 1948-இல் எண்ணூரில் தொடங்கி, பின்னர் அசோக் லேலண்டாக வளர்ந்த ஆலையும், 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையும் இந்தப் பகுதியில் வண்டிச் சொற்களை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. தொழிலாளர் சொல்வது ஆக்சில். பழைய தச்சர் சொல்வது அச்சு. இந்த அச்சு வடமொழி 'அக்ஷ'த்திலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. ஆங்கில ஆக்சிலும், லத்தீன் 'ஆக்ஸிஸ்'சும், வடமொழி 'அக்ஷ'வும் ஒரே மூலச்சொல்லின் மக்கள். ரயில்வே யார்டில் நிற்பது வேகன், சாலைப் பலகையில் எழுதியிருப்பது வாகனம். இரண்டும் 'சுமந்து செல்' என்ற ஒரே வேரில் பிறந்தவை. லத்தீனில் சக்கரத்துக்கு 'ரோட்டா', வடமொழியில் தேருக்கு 'ரத'. மிதிக்கும் பெடலும் நம் பாதமும்கூட உறவுதான், அது காலைப் பற்றிய வேறு மூலச்சொல்.

சக்கரம், அச்சு, சுமந்து செல்லுதல், நுகத்தடி, ஏர்க்கால் என்று வண்டியைச் சார்ந்த ஒரு கொத்துச் சொற்கள் மூலமொழியில் இருந்தன என்பதால் இன்னொரு பெரிய கேள்விக்கும் விடை தேட முடிகிறது. ஒரு பொருள் இல்லாத காலத்தில் அதற்குப் பெயர் இருக்காது. அப்படியானால் சக்கரம் எப்போது தோன்றியது? போலந்தின் பிரோனோச்சிட்சே என்ற இடத்தில் கிடைத்த மண்பானை ஒன்றில் நான்கு சக்கர வண்டி போன்ற உருவம் கீறப்பட்டிருக்கிறது. அதன் காலம் சுமார் கி.மு. 3500. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா சதுப்பு நிலத்தில் 2002-இல் அச்சோடு கிடைத்த மரச்சக்கரத்துக்கு வயது சுமார் 5,150 ஆண்டுகள். மெசொப்பொத்தேமியாவிலும் ஏறக்குறைய இதே காலத்தில் சக்கர வண்டி இருந்தது. ஆகவே, மூல இந்தோ-ஐரோப்பியம் பேசிய மக்கள் சக்கரத்தைக் கண்ட பிறகே, அதாவது கி.மு. 4000-த்தை ஒட்டிய காலத்துக்கு அப்பால்தான் பல திசைகளில் பிரிந்திருக்க வேண்டும் என்று வாதிடுகிறார்கள். கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளே அவர்கள் தாயகம் என்ற கொள்கைக்கு இது ஒரு பெரிய தூண். 2015 முதல் வந்த தொல்மரபணு ஆய்வுகளும் அந்தப் புல்வெளியிலிருந்து மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்ததைக் காட்டின.

எதிர்ப்பும் இருக்கிறது. தொல்லியலாளர் கொலின் ரென்ஃப்ரூ 1987-இல் இந்த மொழிகள் துருக்கிப் பகுதியான அனத்தோலியாவின் முதல் உழவர்களோடு, மேலும் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பரவின என்றார். 2023-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கணினி வழி ஆய்வும் தாய்மொழி பிரியத் தொடங்கியதைச் சுமார் 8,100 ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோய் வைத்தது. 'சுற்று' என்ற வேர் எல்லா மகள் மொழிகளிலும் இருக்கும்போது, சக்கரம் வந்த பின்னர் ஒவ்வொரு மொழியும் தனித்தனியே அதிலிருந்து பெயர் செய்திருக்கலாமே என்பது இவர்கள் வாதம். யோசிக்க வேண்டிய வாதம். ஆனால் *க்வெக்வ்லோஸ் வெறும் வேரன்று. நம் இரட்டைக்கிளவி போல ஒலியை இரட்டித்து, உயிரை ஒடுக்கி, குறிப்பிட்ட ஒரு விகுதி சேர்த்து உருவான சொல். இத்தனை படிகளையும் வடமொழியும் கிரேக்கமும் ஜெர்மானியமும் தொகாரியமும் தனித்தனியே ஒரே மாதிரி எடுத்துவைத்தன என்று என்னால் நம்ப முடியவில்லை. பழைய துருக்கியின் ஹிட்டைட் மொழியிலோ சக்கரத்துக்கு 'ஹுர்கி' என்ற வேறு சொல் இருக்கிறது. அந்தக் கிளை சக்கரத்துக்கு முன்பே பிரிந்துபோனது என்று கொண்டால் இரண்டு தரப்புச் சான்றுகளும் ஓரளவு பொருந்துகின்றன.

தமிழில் சக்கரத்துக்குச் சொல் இல்லாமல் கடன் வாங்கினோமா? இல்லை. ஆழி, திகிரி, உருள், உருளை, கால் என்று வரிசையாக இருக்கின்றன. இலங்கைத் தமிழர் இன்றும் சில்லு என்கிறார்கள். இவற்றில் 'கால்' என்பது கன்னடத்தில் 'காலி' என்ற வடிவில் சக்கரமாகவே உயிரோடு இருப்பதால், தென்திராவிட மொழிகள் பிரியும் முன்பே இருந்த சொல் என்று தெரிகிறது. திருக்குறளின் 496-ஆம் குறள், வலிய கால்களை உடைய பெருந்தேர் கடலில் ஓடாது, கடலோடும் நாவாய் நிலத்தில் ஓடாது என்கிறது. அந்தக் 'கால்' சக்கரம்தான். அங்கே வரும் நாவாயை மொழியியலாளர் பலர் வடமொழி 'நாவ்', லத்தீன் 'நாவிஸ்', சிங்கள 'நெவ' ஆகிய சொற்களோடு சேர்த்தே வைக்கிறார்கள். ஆங்கிலத்தின் நேவி அந்த லத்தீன் வழி வந்தது. ஒன்றேமுக்கால் அடிக்குள் திராவிடச் சக்கரமும் இந்தோ-ஐரோப்பியக் கப்பலும்! சொல்லைக் கடன் வாங்குவதால் ஒரு மொழியின் குடி மாறிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கொடுக்கவும் செய்திருக்கிறோம். காசிமேட்டின் கட்டுமரம் ஆங்கில அகராதியில் இருக்கிறது. மீன் என்ற சொல் வடமொழியில் 'மீன' ஆகி ராசிச் சக்கரத்தில் ஏறியிருக்கிறது.

குடி வேறு, கடன் வேறு என்று முதலில் முறையாக நிறுவிய ஊரும் சென்னைதான். 1816-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் எல்லிஸ், ஏ. டி. கேம்பலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில், தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களை வடமொழி வேர்களோடு பக்கம்பக்கமாக வைத்துக் காட்டி, இவை வேறொரு குடும்பம் என்றார். அதற்கு அவருக்கு உதவியது இந்திய இலக்கண ஆசிரியர்கள் தொகுத்து வைத்திருந்த வேர்ச்சொல் பட்டியல்கள். வேர், விகுதி என்று சொல்லைப் பிரிக்கும், வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினியின் முறையைப் படித்த பிறகே ஐரோப்பிய ஒப்பியலுக்கும் கை திருந்தியது. அந்தப் பாணினீயத்தைக் கற்பிக்கவென்றே திருவொற்றியூர்க் கோயிலில் வியாகரணதான மண்டபம் ஒன்று இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சிவபெருமான் பாணினிக்குப் பதினான்கு சூத்திரங்களை உபதேசித்தது அங்கேதான் என்பது அவ்வூர் நம்பிக்கை. எல்லிஸுக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1856-இல் கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தன் போக்குவரத்தைத் தொடங்கியது. அந்த ரயிலும் வேகன், வீல், ஆக்சில் எல்லாவற்றையும் வடசென்னையின் வாய்க்குள் ஏற்றியது.

இந்தோ-ஐரோப்பியச் சக்கரத்தைப் பற்றி இத்தனை சொல்ல முடிவதற்குக் காரணம், லித்துவேனிய உழவரின் சொல்லிலிருந்து தொகாரிய ஏடுவரை இருநூறு ஆண்டுகளாக ஆய்வாளர்கள் சேர்த்துவைத்த சொற்பட்டியல்கள். திராவிடத்துக்கு பரோவும் எமனோவும் 1961-இல் வேர்ச்சொல் அகராதி தந்தார்கள். ஆனால் தொழிற்களத்தில் புழங்கும் சொற்கள் அதில் ஏற, யாராவது களத்துக்குப் போய்க் கேட்டு எழுத வேண்டும். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி அதைச் செய்தார். அவர் பொறுப்பில் தொழிற்சொல் வட்டார அகராதியின் முதல் தொகுதி, உழவுச் சொற்களுக்காக 1962-இல் வந்தது. தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணுக்கு ஓர் அகராதி செய்தார். எண்ணூர் முதல் ராயபுரம் வரை படகு கட்டுகிற ஆசாரிகள், தேர் பழுதுபார்க்கும் தச்சர்கள், மீன்பாடி வண்டிக்காரர்கள், துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்த்துறை, மொழியியல் துறை மாணவர்களே, ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போங்கள். ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டி அதன் பெயரைக் கேளுங்கள்; சொன்னபடியே, அவர்கள் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். ஆங்கிலச் சொல் வந்தால் அதையும் விடாமல் எழுதுங்கள்.